பின்கட்டில் கேட்காத மணி

பள்ளிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. கரூர்க்காரி ஒருத்தி ஃப்ரீமான்ட்டிலிருந்து குன்றுகளைத் தாண்டிக் காரில் போய், எந்தப் பள்ளியில் கூரை ஒழுகுகிறது, எங்கே கழிப்பறை போதவில்லை என்று பார்த்துவிட்டு வருகிறாள் என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை. "ஏன், ஐடியில எதுவும் கெடைக்கலையா?" என்று பரிதாபமாகக் கேட்டார்கள்.

எப்படி அளப்பது, எப்படி அறிக்கை எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கே வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். ஒரே ஒரு முற்பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாத முற்பகல் அது.

சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளி என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதுவும் அரசுப் பணத்தில் நடப்பதுதான். கட்டணம் கிடையாது, யாரும் சேரலாம், நிர்வாகம் மட்டும் தனி. பிள்ளை எங்கே படிக்கிறதோ அங்கே அந்தப் பிள்ளைக்கான பணம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எல்லாப் பணமும் போவதில்லை. கட்டடத்துக்கும் பழுதுபார்க்கவும் வருவதில் பெரும்பகுதி பழைய பள்ளிகளோடு நின்றுவிடும். அதை ஈடுகட்டத்தான், அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் தன் கட்டடங்களில் சார்ட்டர் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே தரத்தில் இடம் தர வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம் வைத்திருக்கிறார்கள். தந்த இடம் அதே தரம்தானா என்று மாவட்டத்தின் சார்பில் பார்ப்பது என் வேலை.

அந்தப் பள்ளியின் பெயர் வேண்டாம். குன்றுகளுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். நீளமான ஒற்றை மாடிக் கட்டடம். பிள்ளைகள் குறைந்துபோனதால் பின்கட்டைச் சில ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தார்கள். பிறகு அதைத் திறந்து ஒரு சார்ட்டர் பள்ளிக்குக் கொடுத்தார்கள்.

முன்கட்டுப் பள்ளியின் தலைமை ஆசிரியை என்னை அழைத்துக்கொண்டு நடந்தார். சுறுசுறுப்பான அமெரிக்கப் பெண்மணி. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடைவழி முடிந்த இடத்தில் இரட்டை இரும்புக் கதவு. சுவருக்கு அடித்த வண்ணத்தையே கதவுக்கும் அடித்திருந்தார்கள். சட்டென்று பார்த்தால் கதவு இருப்பதே தெரியாது.

அதை ஒட்டிய அறை ஒன்றாம் வகுப்பு. உள்ளே எல்லா மேசைகளும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. பின்கட்டை ஒட்டிய சுவரருகே பாதி அறை காலி. ஏன் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். அவர் சங்கடத்தோடு சிரித்தார்.

"பிள்ளைகள் அங்கே உட்கார மாட்டேன் என்கிறார்கள். சுவருக்குள் யாரோ நடக்கிறார்களாம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று சொன்னேன். இருக்கிறார்கள் என்று சொன்னால் இவர்கள் போய்க் கதவைத் தட்டுவார்கள். அங்கேயிருந்து புகார் வரும்."

சுவரில் காதை வைத்தேன். கேட்டது. நிறையக் காலடிகள், ஒரே சீராக, மெதுவாகப் போய் நின்றன. காலடியைவிட அதனோடு வராத சத்தம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நடந்தால் பேச்சு இருக்கும், சிரிப்பு இருக்கும், யாராவது யாரையாவது இடிப்பார்கள். இங்கே கால்கள் மட்டும் நடந்தன. முன்பு எத்தனையோ பூட்டிய கட்டடங்களுக்குள் தனியாகப் போய் வந்திருக்கிறேன். எங்கும் வராத பயம் அந்த வெளிச்சமான வகுப்பறையில் வந்தது.

அந்த இரும்புக் கதவு பூட்டியிருந்தது, அதன் வழியாகப் போக முடியாது. காரை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனேன். தெருவில் ஏதோ குழாய் வேலைக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டுக்குத் தனிக் கேட், தனி அலுவலகம். அலுவலகத்தையும் பாதி வகுப்புகளையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாசுகி. என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தவுடன் முகம் மாறியது.

"நீங்க தமிழே?"

"ஆமாங்க. கரூர் பக்கம்."

"நாங்க யாழ்ப்பாணம். வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. கொஞ்சம் மெதுவாக் கதைப்பம், குறை நினைக்காதேங்கோ."

நடைவழியில் ஒரு வகுப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் உதட்டில் விரலை வைத்திருந்தது. விளையாட்டுக்கு வைத்த விரல் இல்லை. கை தானாக அங்கே போய் இருந்தது. என்னைப் பார்த்தார்கள், புன்னகை செய்தார்கள், விரலை எடுக்கவில்லை. மைதானத்தைப் பார்த்த ஜன்னல்களில் எல்லாம் திரை இறங்கியிருந்தது. பகலிலேயே விளக்கு எரிந்தது.

"ஏங்க இப்படி?"

வாசுகி ஒவ்வொன்றாகச் சொன்னார். சத்தம் கேட்கிறது என்று முன்கட்டில் சொன்னதால் நடைவழியில் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சண்டை போட்டதால் இடைவேளையை வேறு வேறு நேரத்துக்கு மாற்றினார்கள், நடுவில் கம்பி வேலி வந்தது. 'எங்கள் பள்ளிப் பணத்தை எடுக்காதே' என்று பெற்றோர் சிலர் மைதானத்தில் அட்டை பிடித்து நின்றார்கள். பிள்ளைகள் பார்த்துப் பயந்ததால் திரையை இறக்கினார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது, ஒரு பள்ளியே இல்லாதது போல ஆகிவிட்டது.

"அடுத்த வருசமும் இந்த இடம் வேணுமெல்லே? அதால நாங்க ஒண்டும் கதைக்கிறதில்ல," என்றார்.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. கூரைக்குள்ளிருந்து, யாரோ போர்வைக்கு அடியில் படுத்துக்கொண்டு முணுமுணுப்பது போல. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது. எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது முன்பக்கத்து ஸ்பீக்கர்," என்றார் வாசுகி. "அவை அறிவிப்புச் செய்யிறது இங்க இப்பிடித்தான் வரும். என்ன சொல்லுதெண்டு விளங்காது. பழகிட்டம்."

"அப்ப ஃபயர் பெல்?"

"இங்க புகை வந்தா இங்க அடிக்கும். முன்னுக்கு அடிச்சா இங்க கேக்காது. வயர் பழசு. அவை ஃபோன் எடுத்துச் சொல்லுவினம். மாத்தச் சொல்லிக் கேட்டம். ஆர் காசு குடுக்கிறதெண்டு ரெண்டு பக்கமும் கதைச்சுக்கொண்டிருக்கினம்."

இரண்டு பக்கமும் சொன்னது எனக்குத் தெரியும். அந்தக் கோப்பு எங்கள் அலுவலகத்தில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கான பணத்தில் அவர்களுக்கு ஏன் வயர் போட வேண்டும் என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். கட்டடம் உங்களுடையது, எங்களுக்குக் கட்டடப் பணமே வருவதில்லையே என்றது சார்ட்டர் பள்ளி. இருவரும் பேசியது சட்டப்படி சரி.

வாசுகியின் மகள் ஆரணி அங்கேதான் நான்காம் வகுப்பு. அம்மா கூப்பிட்டதும் வந்து நின்றாள். "பேரென்ன கண்ணு?" என்றேன். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் குனிந்து காதைக் கொடுத்த பிறகு மூச்சு மாதிரி சொன்னாள், "ஆரணி."

மணி விஷயத்தை அன்றே முடிக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியையைப் பார்க்க முன்வாசலுக்குத் திரும்பினேன். காரை நிறுத்தி இறங்கும்போது அபாய மணி அடித்தது.

ஒத்திகை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நாற்றம் வந்தது, அழுகிய முட்டை போல. தெருவில் தோண்டியவர்கள் கேஸ் குழாயை உடைத்துவிட்டார்கள். முன்கட்டிலிருந்து பிள்ளைகள் வரிசை குலையாமல் மைதானத்துக்கு வந்தார்கள். பிரமாதமான ஒழுங்கு. ஆசிரியைகள் பெயர் கூப்பிட்டார்கள், எல்லாரும் வந்தாயிற்று என்று பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். தலைமை ஆசிரியை வாக்கிடாக்கியில் சொன்னார்: "எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். கட்டடம் காலி."

"பின்கட்டு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபமோ அலட்சியமோ இல்லை. நான் ஏதோ பழைய காலத்துப் பெயரைச் சொன்னது போலப் பார்த்தார். "அவர்களுக்கு ஃபோனில் சொல்லியிருப்பார்கள்," என்று அலுவலகப் பெண்ணைத் தேடினார். அந்தப் பெண் ஒரு வகுப்பு வரிசையோடு நின்றுகொண்டிருந்தாள். மணி அடித்ததும் எல்லாரையும் போல அவளும் வெளியே ஓடி வந்துவிட்டாள். ஃபோன் செய்யவேயில்லை.

நான் வாசுகியின் அலுவலகத்துக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மைதானத்தின் கோடியில் பின்கட்டு தெரிந்தது. திரை இறங்கிய ஜன்னல்கள், அசைவில்லாத சுவர், மேலே நீல வானம். யாரிடம் கேட்டாலும் காலி என்றுதான் சொல்வார்கள்.

இங்கேதான் நீங்கள் யோசிக்க வேண்டும். கேஸ் கசிந்த கட்டடத்துக்குள் திரும்பப் போகக் கூடாது என்பது முதல் பாடம். தீயணைப்பு வண்டி வரும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. "காத்திருங்கள், ப்ளீஸ்," என்று தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்தார். பின்கேட்டுக்குப் போனால் உடைந்த குழாய்க்கே போவதாகும். ஆனால் பின்கட்டின் ஒவ்வொரு வகுப்புக்கும் மைதானப் பக்கம் ஓர் அவசரக் கதவு உண்டு, உள்ளேயிருந்து மட்டும் திறக்கும். வெளியே நின்றே அவர்களைக் கூப்பிட முடியும். நான் உள்ளே போக வேண்டியதில்லை. அந்த அளவுக்குத்தான் யோசித்தேன். "வேலிச் சாவியைக் கொண்டு வாருங்கள்," என்று சொல்லிவிட்டு ஓடினேன். வேலியை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. பேன்ட் கிழிந்ததை மாலையில்தான் பார்த்தேன்.

அங்கே நாற்றம் அதிகம். ஜன்னலை உள்ளங்கையால் தட்டினேன். பதில் இல்லை. திரையின் ஓரத்தில் விரலளவு இடைவெளி இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன்.

ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி அறைந்தேன், கண்ணாடி அதிர்ந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கத்தினேன், ஆங்கிலத்தில், வெளியே வாருங்கள் என்று. ஓரத்தில் இருந்த ஒரு பிள்ளையின் கண் மட்டும் மெதுவாக என் பக்கம் வந்தது, என்னைப் பார்த்தது, திரும்பவும் புத்தகத்துக்குப் போய்விட்டது. கூரைக் குரல் உள்ளே முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தலைமை ஆசிரியை பதிவு செய்து வைத்திருந்த, வெளியேறச் சொல்லும் அறிவிப்பு அது. அவர்களுக்கு அது எப்போதும் வரும் முனகல்.

ஒரு கணம், நான்தான் செத்துப்போய் வெளியே நிற்கிறேனோ என்று பட்டது. மிகைப்படுத்தவில்லை. தட்டுகிறேன், கத்துகிறேன், உயிருள்ள யாருக்கும் கேட்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது: முன்கட்டின் பெரிய பிள்ளைகள் சிலர் வேலி தாண்டி வந்து ஜன்னலை அடித்துக் கத்திவிட்டு ஓடுவார்களாம். யார் தட்டினாலும் திரும்பாதீர்கள், திறக்காதீர்கள் என்று இவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். சொன்னதைக் கேட்டார்கள்.

அடுத்த ஜன்னலுக்கு ஓடினேன், அதற்கடுத்ததற்கும். நான்காம் வகுப்பு எது என்று தெரியாது. வாயில் வந்தது தமிழ்தான்.

"ஆரணி! ஆரணி கண்ணு, அம்மாவக் கூப்புடு! கேஸ் லீக்காகுது, எல்லாரும் வெளிய வாங்க! ஆரணி!"

ஜன்னலை அடித்து ஓடும் பிள்ளைகள் யாரும் தமிழில் கத்தியதில்லை. ஒரு திரை அசைந்தது. இரண்டு சின்ன விரல்கள் அதை விலக்கின. ஆரணி என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்து மூடியது, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவசரக் கதவு திறந்தது. வாசுகி நின்றார்.

"என்னக்கா? உந்த மணம் ரோட்டு வேலையால எண்டெல்லே நினைச்சம்."

"விளக்க அணைக்காதீங்க, சுவிட்ச் எதையும் தொடாதீங்க. அப்படியே எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

அவர் உள்ளே ஓடினார். அடுத்தடுத்த வகுப்புகளின் கதவுகள் திறந்தன. தலைமை ஆசிரியை சாவியோடு ஓடி வந்து வேலிப் பூட்டைத் திறந்தார். அவசரத்தில் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. பிள்ளைகள் வந்தார்கள், வரிசையாக, உதட்டில் விரலோடு. சிலருக்குத் தலை சுற்றியது, ஒருத்தி புல்லில் வாந்தி எடுத்தாள். அதையும் சத்தமில்லாமல் எடுத்தாள்.

மைதானத்தில் நின்ற முன்கட்டுப் பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். யாரும் இல்லாத கட்டடத்திலிருந்து இத்தனை பிள்ளைகள் பேசாமல் வந்துகொண்டேயிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒரு பையன் ஆங்கிலத்தில் கேட்டான், "இவங்க நிஜமானவங்களா?" ஆசிரியை அழுதுவிட்டார்.

தீயணைப்பு அதிகாரி பின்கட்டுக்குள் கருவியோடு போய் வந்தார். கையுறையைக் கழற்றியபடி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "வேறு யாராவது இருக்கிறார்களா? எனக்குக் காலி என்று சொல்லியிருந்தார்கள்."

அறிக்கை எழுதும்போது எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். பள்ளியின் மாணவர்கள் அனைவரும் உடனடியாகப் பத்திரமாக வெளியேற்றப்பட்டனர் என்று. பொய் ஒன்றும் இல்லை. பள்ளி என்றால் முன்கட்டுப் பள்ளி. "இதுக்கு மேல எழுதினா வழக்குக்கு வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகும்," என்ற அர்த்தத்தில் எச்சரித்தார். நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். கட்டடத்தில் இருந்த பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு மணி அடித்தது, மறு பகுதிக்கு அடிக்கவில்லை, வயருக்கு எந்தப் பணத்தில் கொடுப்பது என்று முடிவாகாததே காரணம். அதன் பிறகு அவர் என்னை அந்தப் பள்ளிப் பக்கமே அனுப்பவில்லை. பதவி உயர்வுப் பேச்சும் நின்றது. அதற்காக நான் வருத்தப்பட்டேன். வருத்தப்படவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மாவட்டத்தை நடத்தும் கல்வி வாரியத்தின் கூட்டத்தில் இரண்டு பக்கப் பெற்றோரும் நிறைந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து கார் நிறுத்தத்தில் சரவணன் என்னைப் பிடித்துக்கொண்டார். முன்கட்டுப் பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் இருந்தவர், சேலத்துக்காரர், அட்டை பிடித்து நின்றவர்களில் ஒருவர். பக்கத்தில் வாசுகியும் நின்றிருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஸ்கூல்ல மியூசிக் டீச்சர நிறுத்திட்டாங்க. கிட்ஸ் கொறைஞ்சா பணமும் கொறையுது. நாங்க சும்மா சண்டை போடல."

"நானும் சும்மா கேக்கல தம்பி," என்றார் வாசுகி. "இதே ஊரிலதான் வீட்டு வரி கட்டிறன். என்ர பிள்ளைக்கு மியூசிக் வேண்டாம். மணி கேட்டாப் போதும்."

"என் பொண்ணு ஃபர்ஸ்ட் கிரேட்," என்றார் சரவணன். "செவத்துக்குள்ள பேய் இருக்குன்னு தினமும் சொல்லுவா. சும்மா இருன்னு திட்டுவேன்."

அடுத்த கூட்டத்தில் அவர்தான் எழுந்து பேசினார். வாரியத்துக்குச் சொந்தமான எந்தக் கட்டடமானாலும், உள்ளே எந்தப் பள்ளி நடந்தாலும், மணிக்கும் குளிருக்குச் சூடேற்றும் வசதிக்கும் கதவுகளுக்குமான செலவு பொதுக் கணக்கில் என்று முடிவு செய்தார்கள். வயர் மாற்ற ஒரு வாரம்கூட ஆகவில்லை. மற்றப் பணம் பற்றிய தகராறு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு யாருக்கு என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை உங்கள் காலத்தில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஒரு கட்டடத்துக்குள் போனால் யாருடைய பிள்ளைகள் என்று கேட்பதற்கு முன், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். காலி என்று யார் சொன்னாலும் திரையை விலக்கிப் பாருங்கள்.

போன வருடம் லிவர்மோர் கோவிலில் வாசுகியைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். ஆரணி இப்போது ஹைஸ்கூல், பெரிய அரசுப் பள்ளி, எல்லா வசதியும் உண்டு என்றார். நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டேன்.

"படிக்கிறாள் அக்கா. கெட்டிக்காரி." தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "போன மாசம் டீச்சர் கூப்பிட்டவ. ஃபயர் ட்ரில் நடந்ததாம். மணி நல்லாக் கேட்டதாம், பிள்ளையள் எல்லாரும் வெளியில போயிட்டினம். இவள் மட்டும் எழும்பேல்ல. ஏனெண்டு கேட்டதுக்கு ஒண்டும் சொல்லேல்லையாம்."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டன். யாராவது வந்து என்ர பேரச் சொல்லிக் கூப்பிடுவினம்தானே அம்மா எண்டு சொன்னவள்."